பாட்டியின் தோ ஷெவோவும் ஊர் கிளப்பும்

பிரான்சில் ஓர்லெயான் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். உங்கள் தெருவில் வசித்துக் காலமான ஒரு பாட்டியின் 1984 சித்ரோன் தோ ஷெவோ (2CV) கார் விலைக்கு வருகிறது. பழைய பிரெஞ்சு கார்களுக்கென்று அந்த வட்டாரத்தில் ஒரு கிளப் இருக்கிறதாம். அவர்கள் என்னதான் செய்கிறார்கள், அது பணக்காரர் விளையாட்டா, நம்மைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கிளப்பின் நிகழ்ச்சி நிரல் உங்களுக்கு முக்கியமில்லை என்று தோன்றுகிறது. "எனக்கு ரிப்பேர் வேலை தெரியாது, பிரெஞ்சும் அரைகுறை, இந்த வண்டியை வாங்கிவிட்டு நடுரோட்டில் நிற்பேனா?" என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் காரைக்கால்காரன். இருபத்து நான்கு வயதில் இங்கே வந்தேன், முப்பது வருடம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். லுவார் ஆற்றங்கரையில் ஒரு சின்ன கிளப்பில் 1999 முதல் இருக்கிறேன், நடுவில் சில வருடம் பொருளாளராகவும் மாரடித்தேன். தோ ஷெவோவும் ரெனோ 4-ம் எனக்குக் கைப்பழக்கம். டிஎஸ் போன்ற பெரிய சித்ரோன்களின் ஹைட்ராலிக் வேலையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் ஆளாகத்தான் நின்றிருக்கிறேன். காப்பீடு, பதிவுக் காகிதம் இவற்றில் ஒரு வண்டிக்காரனாகப் பட்ட அனுபவமே உண்டு. இந்த எல்லைக்குள் நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கிளப்பில் சேர்ந்த கதையைச் சொன்னாலே பாதி பதில் வந்துவிடும். அப்போது ஒர்க்‌ஷாப்பில் தினமும் புதுக் கார்களைப் பார்ப்பவன் நான். தோ ஷெவோ ஒன்றை மலிவாக வாங்கினேன். பிரேக் ஆயில் குறைந்திருந்தது. கையில் இருந்த டாட் 4 என்ற சாதாரண பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து ஊற்றினேன். எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் செய்யும் வேலைதானே? சில வாரத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்துப் பார்த்தேன், சரியாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைத் திடலில் வரிசையாகப் பழைய வண்டிகள் நின்றன. கேட்டுப் பார்ப்போமே என்று போனேன். ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர், கோதுமை வயல்காரர், என் பானெட்டைத் தூக்கினார். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "என்ன ஊற்றினாய்?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூடியைத் திருப்பிக் காட்டி, "இது பச்சை" என்றார், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். 1981-ல் தோ ஷெவோவுக்கு முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. அதோடு பிரேக்கில் ஊற்றும் திரவத்தையும் மாற்றிவிட்டார்கள். பெரிய சித்ரோன்களில் ஓடும் எல்எச்எம் என்ற பச்சை நிற மினரல் ஆயில்தான் அதற்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய டிரம் பிரேக் வண்டிகளுக்குச் சாதாரண பிரேக் ஆயில். ஒன்றுக்கு ஒன்றை மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊறி நாசமாகும். என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கிக் கடைசிச் சக்கரம் வரை ரப்பர் என்று இருந்த அத்தனையையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வண்டியில் முன் பிரேக் சக்கரத்தில்கூட இருக்காது, உள்ளே கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். பெரியவருடைய கொட்டகையில் மூன்று சனிக்கிழமை போயிற்று. கூலி கேட்டதற்கு, "அடுத்த வாரம் குருவாசான் ரொட்டி வாங்கி வா, வெண்ணெய் போட்டது" என்றார். நான்காவது சனிக்கிழமை இன்னொருவருடைய ரெனோ 4-க்கு நான் கீழே படுத்திருந்தேன். எப்போது உறுப்பினரானேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

ஆகவே, கிளப் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தை முதலில் சொல்ல மாட்டேன். குளிர்காலக் கொட்டகையைத்தான் சொல்வேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை சாலையில் உப்புத் தூவுவார்கள், அந்த உப்பு பழைய தகரத்துக்கு எமன். வண்டிகள் வெளியே வராத அந்த மாதங்களில்தான் உண்மையான வேலை நடக்கும். சேசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், அதை மாற்றுவது இருப்பதிலேயே பெரிய சடங்கு. தோ ஷெவோவின் உடல் தனி, சேசி தனி. போல்ட்களைக் கழற்றிவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து உடலைக் கையாலேயே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். புதிதாக, துத்தநாகம் பூசிய சேசி இப்போதும் செய்து விற்கிறார்கள். துரு பிடித்ததை எடுத்துவிட்டு அதைப் போட்டால் வண்டிக்கு இன்னொரு ஆயுள். தெரிந்த கை ஆறு இருந்தால் இரண்டு மூன்று வார இறுதியில் முடிந்துவிடும். இதையே தனியாளாகச் செய்யப் போனவர்கள் பாதியில் விட்டு, வண்டியைப் பெட்டி பெட்டியாக விற்றதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இன்ஜினில் பொறி அடிக்க வைக்கும் சிறு பாகமான பாயின்ட்டை மாற்றுவது. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இந்த இன்ஜினுக்குக் கிடையாது. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் பொறி அடிக்கும். பாயின்ட் முன்பக்க விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், விசிறியைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. முதல் முறை அரை நாள் ஆகும். பத்தாவது முறை பேசிக்கொண்டே செய்வீர்கள். இதற்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா என்பதில் எங்கள் கிளப்பில் இருபது வருடமாகச் சண்டை. "போடு, மறந்துவிடு" என்பது ஒரு கட்சி. "பாயின்ட் தேய்ந்தால் முன்கூட்டியே சொல்லும், எலக்ட்ரானிக் சொல்லாமல் சாகும்" என்பது மறு கட்சி. நான் முதல் கட்சி, ஆனால் டிக்கியில் பழைய பாயின்ட் செட் ஒன்று வைத்திருக்கிறேன்.

இவ்வளவு பேர் இந்த ஒரு வண்டிக்கு உருகுவதற்குக் காரணம் உண்டு. 1930-களில் சித்ரோன் நிறுவனத்தின் தலைவராக வந்த பியேர் பூலான்ஜே தன் பொறியாளர்களுக்குக் கொடுத்த கணக்கு பிரபலமானது: இரண்டு விவசாயிகள், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு, மணிக்கு 60 கிலோமீட்டர், நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர். உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினாலும் ஒன்றுகூட உடையக் கூடாது. 1939-ல் வண்டி தயாராக இருந்தது, போர் வந்து கெடுத்தது. செய்து வைத்திருந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலானவற்றை ஜெர்மானியர் கையில் சிக்காமல் அழித்தார்கள், சிலவற்றை ஒளித்தார்கள். உங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் லா ஃபெர்தே-விதாம் என்ற ஊரில் சித்ரோன் தன் வண்டிகளைச் சோதித்த திடல் இருக்கிறது. அங்கே ஒரு கொட்டகைப் பரணில் அப்படி ஒளித்த மூன்று வண்டிகள் 1990-களில்தான் கண்டெடுக்கப்பட்டன. 1948 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சியில் வண்டியை மக்களுக்குக் காட்டியபோது பத்திரிகைக்காரர்கள் தகர டப்பா என்று சிரித்தார்கள். முதல் இன்ஜின் 375 சிசி, 9 குதிரைத்திறன். பிறகு வந்த 602 சிசி இன்ஜினுக்குக் கடைசியில் 29. போர்ச்சுகலின் மங்வால்தெ ஆலையில் 1990 ஜூலை 27 அன்று கடைசி வண்டி இறங்கியபோது கார், வேன் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. உங்கள் தெருப் பாட்டியின் வண்டி அந்த 602 ஆகத்தான் இருக்கும்.

ஆக, பணக்காரர் விளையாட்டா என்ற கேள்விக்குப் பதில் இந்த வண்டி பிறந்த கதையிலேயே இருக்கிறது. இத்தாலிய ரேஸ் கார் கிளப்புகளின் சங்கதி வேறு. எங்கள் கிளப்பில் தபால்காரர், நர்ஸ், பேக்கரிக்காரர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், ஒரு பல் மருத்துவர். ஆண்டுச் சந்தா ஒரு குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். பிரான்சில் இப்படிப்பட்ட சங்கங்கள் பெரும்பாலும் 1901-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. லாபம் பிரிக்கக் கூடாது, தலைவரும் பொருளாளரும் இருப்பார்கள், வருடம் ஒருமுறை பொதுக்குழு கூடும். எங்கள் பொதுக்குழு ஜனவரியில். கணக்கு வாசிப்பது பத்து நிமிடம், கலெத் சாப்பிடுவது இரண்டு மணி நேரம். அந்தப் பலகாரத்துக்குள் ஒளித்த பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். பொருளாளரான வருடம் எனக்கே கிரீடம் வந்தது. கணக்கில் பன்னிரண்டு யூரோ உதைத்துக்கொண்டிருந்ததால் யாரும் அதை மறக்க விடவில்லை.

சரி, வெளியே போகும் பயணங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு ஒரு கிராமத் திடலில் காப்பியோடு கூடுவோம். கையில் ஒரு ரோட் புக் தருவார்கள். எந்த முனையில் திரும்ப வேண்டும், அடுத்த முனைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று படம் போட்ட காகிதம். சில நாள் அதில் புதிரும் இருக்கும்: இந்த ஊர்க் கோயில் மணிக்கூண்டில் என்ன பறவை, அந்தப் பாலம் எந்த வருடம் என்று. நெடுஞ்சாலையைத் தொட மாட்டோம். சொலோஞ் காட்டுக்குள்ளோ போஸ் சமவெளியின் கோதுமைக்கு நடுவிலோ அறுபது எழுபதில் போவோம். போஸில் எதிர்க்காற்று அடித்தால் அந்த அறுபதும் ஐம்பதாகும், கியரை இறக்க வேண்டியதுதான். எல்லாரும் ஒட்டிக்கொண்டு போக மாட்டோம். ஏழெட்டு வண்டிக்கு ஒரு குழு, நடுவில் இடைவெளி. இல்லையென்றால் பின்னால் வரும் டிராக்டர்கூட ஹாரன் அடிக்கும். கடைசியில் கருவிப் பெட்டியோடு ஒரு வேன் வரும், அதற்கு இங்கே துடைப்ப வண்டி என்று பெயர். நின்றுபோனவர்களைப் பெருக்கி அள்ளிக்கொண்டு வருவது அதன் வேலை. தெருவில் நிற்பேனா என்று பயந்தீர்களே, நிற்பீர்கள். நின்றால் பத்து நிமிடத்தில் நாலு பேர் உங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பார்கள். அதில் மூன்று பேர் மூன்று காரணம் சொல்வார்கள்.

மதியச் சாப்பாடு நீளும். முதல் முறை போகும் நம்மவர்களுக்கு அதுதான் சிரமம். பன்றிக் கறி சாப்பிடாதவர்கள், சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்வார்கள். பிக்னிக் என்றால் இன்னும் சுலபம். என் மனைவி கொண்டுபோன எலுமிச்சைச் சாதமும் மசால் வடையும் இப்போது கிளப் சம்பிரதாயம் ஆகிவிட்டன. நாங்கள் வரவில்லை என்றால் வடை வருகிறதா என்று தனியாக போன் வருகிறது. இன்னொரு பழக்கம் உங்களைத் திகைக்க வைக்கும். கிளப்பில் எல்லாரும் எல்லாரையும் ஒருமையில்தான் பேசுவார்கள். எழுபத்தைந்து வயதுப் பெரியவரை நான் 'நீ' என்று கூப்பிடப் பழக இரண்டு வருடம் ஆயிற்று. மரியாதையாக 'வூ' (நீங்கள்) போட்டுப் பேசினால், "நான் என்ன போலீஸா?" என்று கோபித்துக்கொண்டார். அரைகுறை பிரெஞ்சைப் பற்றிக் கவலை வேண்டாம். கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. நம்ம ஊரைப் பற்றியும் கேட்பார்கள். சித்ரோன் சி3 இப்போது திருவள்ளூரில் தயாராகிறது என்று சொன்னபோது அந்த விவசாயி, "உழுத வயலில் ஓடுமா?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய கூடல்கள் தனி உலகம். நாடு முழுவதிலும் இருக்கும் தோ ஷெவோ கிளப்புகள் ஒவ்வொரு வருடமும் மே மாத வாக்கில், இயேசு விண்ணேற்ற விடுமுறை நாட்களில் ஒரு தேசியக் கூடல் நடத்துகின்றன. ஒவ்வொரு முறையும் வேறு வட்டாரத்தின் கிளப் பொறுப்பேற்கும். உலகக் கூடல் 1975-ல் ஃபின்லாந்தில் தொடங்கியது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு வேறு நாட்டில். 2011-ல் அது நம் வாசலுக்கே, ஓர்லெயானுக்குத் தெற்கே சல்ப்ரிக்கு வந்தது. ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரே மைதானத்தில். கூடாரம் போட்டுப் படுத்தால் விடியும்போது தகரக் கதவு சாத்தும் சத்தம்தான் எழுப்பும். கூட்டத்தை அசத்துவதற்கென்று ஒரு விளையாட்டு உண்டு. முழு வண்டியையும் சில நிமிடங்களில் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டி, ஓட்டிக் காட்டுவார்கள். பாரிஸுக்கு ஒரு நாள் போக முடிந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் வான்சேன் கோட்டை எதிரே எல்லா வகைப் பழைய வண்டிகளும் வந்து நிற்கும். டிக்கெட் கிடையாது. பிப்ரவரி வாக்கில் நடக்கும் ரெத்ரோமொபில் கண்காட்சி பார்க்க அழகு, ஆனால் அங்கே பொருள் வாங்கினால் பர்ஸ் காலி. உதிரி பாகத்துக்கு ஊர்ப் பரிமாற்றச் சந்தைதான் சரி. விடிகாலை ஐந்தரைக்கு டார்ச் லைட்டோடு போக வேண்டும். எட்டு மணிக்குப் போனால் துருப்பிடித்த ஹப் கேப் மட்டும்தான் இருக்கும்.

சித்ரோன் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பெஜோ 404, 504, ரெனோ 4, டோஃபின், சிம்கா, 1967-ல் கார் செய்வதை நிறுத்திவிட்ட பனார் எல்லாம் வரும். ரெனோ 4-ன் இரண்டு பக்கத்தையும் அளந்து பாருங்கள், ஒரு பக்கம் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் மறுபக்கத்தைவிடச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் அதிகம். பின் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கிடப்பதால் அப்படி. புதிதாக வருபவர்களிடம் பந்தயம் கட்டி ஒரு காப்பி வாங்க இது நல்ல வழி. இளைஞர்கள் இப்போது பெஜோ 205-ல் வருகிறார்கள். "இதெல்லாம் பழைய காரா?" என்று முதியவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்கள் வராவிட்டால் கொட்டகையில் வெல்டிங் அடிக்க ஆள் இருக்காது என்பதும் முதியவர்களுக்குத் தெரியும்.

இனி உங்கள் வண்டி. உறுதியாகச் சொல்லக்கூடியவை முதலில். முப்பது வயது தாண்டியதால் அதைச் சேகரிப்பு வாகனமாகப் பதிவு செய்யலாம். பழைய வாகனக் கிளப்புகளின் தேசியக் கூட்டமைப்பான எஃப்எஃப்விஇ தரும் சான்றிதழை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் பதிந்தால் கொந்த்ரோல் தெக்னிக் என்ற கட்டாய வண்டிப் பரிசோதனை இரண்டு வருடத்துக்குப் பதில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. அந்தக் காகிதம் நிரப்புவதில் கிளப்பில் ஒருவராவது புலியாக இருப்பார். உரிமையாளர் காலமானதால் விற்பவர் உண்மையான வாரிசா, வாரிசுப் பத்திரம் எழுதும் நொத்தேர் தந்த ஆவணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உதிரி பாகம் கிடைக்குமா என்ற பயம் தேவையே இல்லை. பல புதுக் கார்களைவிடச் சுலபமாகவும் மலிவாகவும் கிடைக்கும். சக்கரத்தைத் திருப்பும் கிங்பின்னுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் காலம் தாங்கும். பாட்டிமார் வண்டியில் இதைத்தான் பெரும்பாலும் மறந்திருப்பார்கள்.

பார்க்காமல் சொல்ல முடியாதது சேசியின் நிலை. மேலே பெயின்ட் பளபளத்தாலும் கீழே பெட்டி வடிவச் சட்டத்துக்குள் துரு உள்ளிருந்தே தின்னும். கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு பக்கம் அகன்றிருந்தால் சேசி வளைந்திருக்கலாம். கீழே படுத்து, சீட்டுக்கு அடியில் வரும் பகுதியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, பொத்தென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி என்றால் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். முதலில் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இறக்க வேண்டும்.

விலை ஏறுமா, முதலீடாக வாங்கலாமா என்றால் நான் தலையிட மாட்டேன். ஏறியதையும் பார்த்தேன், ஏறும் என்று வாங்கி வைத்தவர் கைநட்டத்துக்கு விற்றதையும் பார்த்தேன். எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்க்குக் கெடுதல் என்கிறார்கள். நான் பயந்து 98 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். பக்கத்து ஊர் நண்பர் பல வருடமாக இ10 ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவர் குழாய்களை எப்போதோ மாற்றிவிட்டார், அதனால் அவர் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பெரிய நகரங்களுக்குள் பழைய வண்டியை விடுகிறார்களா என்பது ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறுகிறது. போகும் முன் அந்த நகராட்சியின் விதியைப் பாருங்கள். மின்மோட்டாருக்கு மாற்றுவதை 2020 முதல் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் முதல் நாளே கிளப்பில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மதியச் சாப்பாடு மூன்று மணி நேரம் ஆகிவிடும்.

உங்கள் ஊர் கிளப் எப்படிப்பட்டது என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. சில கிளப்புகளில் நாலு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு புதியவரை வெயிலில் நிறுத்துவார்கள். அப்படி இருந்தால் பக்கத்து மாவட்டக் கிளப்பில் சேருங்கள், தடையில்லை. வண்டி வாங்கிய பிறகுதான் போக வேண்டும் என்றும் இல்லை. இந்த மாதக் கூடலுக்கு வெறுங்கையோடு போய், "இப்படி ஒரு 1984 வருகிறது, பார்க்க யாராவது கூட வருவீர்களா?" என்று கேளுங்கள். அடுத்தவர் பணத்தில் தோ ஷெவோ பார்ப்பது என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம், இரண்டு பேராவது வருவார்கள். அவர்கள் சேசியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பானெட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். உள்ளே பச்சையாக இல்லாமல் வேறு நிறத்தில் இருந்தால், என்னைப் போல் ஒருவன் உங்களுக்கு முன்பே அங்கே கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அப்போது வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், டிரெய்லரில் ஏற்றி வாருங்கள்.